ரேடியேட்டர் மின்விசிறியின் மின்னிணைப்புப் பழுதறிதல்

ரேடியேட்டர் மின்விசிறி என்பது, நீரால் குளிர்விக்கப்படும் தானுந்துப் பொறியின் ரேடியேட்டர் வழியாகக் காற்றைச் செலுத்துவதற்கு, நேர்மின்னோட்ட மோட்டாரால் இயக்கப்படும் விசிறி ஆகும். உற்பத்தியாளர் பொருத்தியதாக அன்றி, வாகனம் வாங்கிய பின் உரிமையாளரால் தனியே வாங்கிப் பொருத்தப்படும் விசிறிகளின் மின்சுற்றைப் பற்றியதே இக்கட்டுரை. இவ்வகை விசிறி ஓடாமற் போகும்போதோ மெதுவாக ஓடும்போதோ மோட்டாரே பழுதானதாகக் கருதப்பட்டு மாற்றப்படுவது வழக்கம். ஆனால் பழுது பல வேளைகளில் மோட்டாருக்குச் செல்லும் கம்பியிலோ, இணைப்புகளிலோ, எர்த் எனப்படும் உடற்சட்ட இணைப்பிலோதான் இருக்கிறது. அதைக் கண்டறியாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாரும் அதே குறையுடன் ஓடும்.

பின்னணி

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் 1961 முதல் உற்பத்தி செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய இந்தியத் தானுந்துகளில் விசிறியைப் பொறியே சுழற்றியது. பொறி வேகமாகச் சுழன்றால் விசிறியும் வேகமாகச் சுழலும். பொறி மெதுவாக ஓடினால் காற்றும் குறையும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 தானுந்தில் மின்விசிறி தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றது. அதன் பின்னரே இந்தியப் பட்டறைகளில் மின்விசிறி பரவலாக அறிமுகமாயிற்று எனலாம்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு விசிறியின் தேவை மிகக் குறைவு. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. விசிறி தேவைப்படுவது வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும்தான். பொறியால் சுழலும் விசிறி மிகக் குறைவாகக் காற்றுத் தருவதும் அதே வேளையில்தான். சென்னை கோடம்பாக்கத்தில் பவர் ஹவுஸ் சந்திப்பிலிருந்து மேம்பாலம் ஏறுவதற்குள் பத்து முறை நின்று புறப்படும் வண்டியின் நிலை இதுவே. சென்னையில் 2003 மே 31 அன்று 45 °செ வெப்பநிலை பதிவானது. அத்தகைய கோடை நாளில், பின்னாளில் குளிர்சாதனமும் சேர்க்கப்பட்ட பழைய தானுந்து ஒன்றுக்குப் பழைய விசிறி போதாது. குளிர்சாதனத்தின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் வெப்பத்தையும் அதன் மீதே செலுத்துகிறது.

கோடம்பாக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. திரைப்படப் பிடிப்புக்கு வரும் பழைய தானுந்துகள் ஒரே தெருவில் மெதுவாக மீண்டும் மீண்டும் ஓட்டப்படுகின்றன. காட்சிகளுக்கு இடையே பொறியை நிறுத்தாமலும் வைத்திருக்கின்றனர். பழந்தானுந்துகளைப் பேணும் ஆர்வமும் இப்பகுதியில் உள்ளது. ஏவி.எம். படப்பிடிப்புத் தள வளாகத்தில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழந்தானுந்துகளே முதன்மையான காட்சிப்பொருள்கள். இத்தகைய வண்டிகளுக்கு வேண்டிய விசிறிகள் புதியனவாக அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பயன்படுத்தப்பட்டவையாகப் புதுப்பேட்டையிலும் கிடைக்கின்றன. விசிறியுடன் சுற்றுப்படம் வருவது அரிது. கம்பி இழுப்பது ஆட்டோ எலக்ட்ரீசியனின் பழக்கத்துக்கு விடப்படுகிறது.

பொறி அளவுக்கு மீறிச் சூடானால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள கேஸ்கட் எரிந்து, எண்ணெயில் நீர் கலக்கும். ஓர் இணைப்பு முனையின் விலையில் தவிர்த்திருக்கக்கூடிய செலவு, பொறியைப் பிரித்துக் கட்டும் அளவுக்கு வளர்கிறது.

மின்சுற்றின் அமைப்பு

சரியான சுற்றில் இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, மிகு மின்னோட்டம் செல்லும் பாதை. இது பேட்டரியின் நேர்முனையில் தொடங்கி, பியூஸ், ரிலேயின் தொடுமுனைகள், மோட்டார், எர்த் ஆகியவற்றின் வழியாகப் பேட்டரியின் எதிர்முனையை அடைகிறது. 12 முதல் 16 அங்குல விசிறிகள் பொதுவாக 8 முதல் 20 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். தொடங்கும் கணத்தில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டாவது, கட்டுப்பாட்டுப் பாதை. சாவி, ரிலேயின் காந்தச்சுருள், ரேடியேட்டரில் திருகப்பட்ட வெப்பநிலை சுவிட்சு ஆகியவை இதில் அடங்கும். இங்கு செல்லும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர் அளவைத் தாண்டுவதில்லை.

பழுதறியும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, குறை இவ்விரு பாதைகளில் எதில் உள்ளது என்பதே. இதற்கு நீண்ட ஆய்வு தேவையில்லை. ரிலேயை அதன் அடித்தளத்திலிருந்து பிடுங்கி, 30, 87 என்று குறிக்கப்பட்ட துளைகளை ஒரு தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். விசிறி முழு வேகத்தில் ஓடினால் மிகு மின்னோட்டப் பாதை நல்ல நிலையில் உள்ளது. குறை ரிலேயிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கிறது. ஓடவில்லை என்றாலோ தளர்ந்து ஓடினாலோ வெப்பநிலை சுவிட்சைத் தொடவே வேண்டியதில்லை.

கையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இங்கு அவசியம். சாவியை எடுத்த பின்னும் தானாகச் சுழலத் தொடங்கும் விசிறிகள் உண்டு. பொறி நின்றவுடன் அதிலுள்ள நீரின் வெப்பநிலை சற்று நேரம் உயர்வதே இதற்குக் காரணம். ஆகவே இறக்கைகளின் அருகே வேலை செய்யுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

மின்னழுத்த வீழ்ச்சி

விசிறிக் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும். கம்பியை மாட்டினால் விசிறி ஓடாது. பட்டறைகளில் அடிக்கடி காணப்படும் இந்நிலை, மின்சாரம் வருகிறது, ஆகவே மோட்டார்தான் பழுது என்ற முடிவுக்கு இட்டுச்செல்கிறது. இம்முடிவு தவறாகலாம். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் அணுவளவே. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஓரிழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு மின்னழுத்தத்தையே காட்டும். மோட்டார் 15 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஓரிழையின் குறை வெளிப்படும்.

ஆகவே அளவீட்டை விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யவேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பின்பக்கமாக மோட்டாரின் நேர் இணைப்பிலும் வைத்தால், அந்தப் பாதை முழுவதிலும் இழக்கப்படும் மின்னழுத்தம் நேரடியாகத் தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. பின் மோட்டாரின் எதிர் இணைப்புக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும், இங்கு 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. எந்தப் பக்கத்தில் அளவு மிகுதியோ, அந்தப் பக்கத்தில் மீட்டரின் ஒரு முனையைப் பியூசுக்கு முன், பியூசுக்குப் பின், ரிலேக்கு முன், ரிலேக்குப் பின் என்று நகர்த்திச் சென்றால், அளவு திடீரெனத் தாவும் இடமே பழுதின் இடம்.

ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவுகோலில் இது ஏறத்தாழச் சுழியமாகவே தெரியும். 15 ஆம்பியர் செல்லும்போதோ அங்கு 1.5 வோல்ட் இழக்கப்பட்டு, 22 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் உண்டாகிறது. மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு இது ஏறக்குறைய இணையானது. விரல்நுனி அளவான ஓர் இணைப்பில் இவ்வெப்பம் இடைவிடாது உண்டானால் பிளாஸ்டிக் உருகுவதில் வியப்பில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பழைய 55 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பற்றவைத்து, விசிறிக்குப் பதிலாக அதை மாட்டிப் பார்க்கலாம். அது நாலரை ஆம்பியர் எடுத்துக்கொள்வதால், மறைந்திருக்கும் குறைபாட்டை மங்கலான ஒளியால் காட்டிக்கொடுக்கும். சிறிய சோதனை விளக்கு இப்பணிக்கு உதவாது. ஓரிழையிலும் அது பளிச்சென்று எரியும். விசிறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்ப்பது அதைவிட எளிய முறை. மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் இணைப்பே ஐயத்துக்குரியது.

கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. வீட்டு மின்னிணைப்புக்கு வாங்கிய 1 சதுர மில்லிமீட்டர் கம்பியை விசிறிக்கு இழுத்துவிடுவதுண்டு. மூன்று மீட்டர் நீளத்தில் 15 ஆம்பியருக்கு அது ஏறத்தாழ 0.8 வோல்ட்டை விழுங்கும்; 4 சதுர மில்லிமீட்டர் கம்பி 0.2 வோல்ட்டை மட்டுமே இழக்கும். மேலும் வீட்டுக் கம்பியின் உறை பொறியறையின் வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் ஏற்றதன்று. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒரு கோடைக்காலத்தைத் தாண்டுவதே அரிது. பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும்.

எர்த்

நேர்மின் பக்கத்துக்குத் தடித்த கம்பியும் நல்ல பியூசும் போட்டுவிட்டு, எதிர்மின் கம்பியை அருகிலுள்ள ஏதேனும் ஒரு திருகில் மாட்டிவிடுவது பரவலான பழக்கம். அத்திருகு வண்ணம் பூசிய தகட்டிலோ, துருப்பிடித்த முன்சட்டத்திலோ இருக்கக்கூடும். சென்னையின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி என்பதால் இன்று பளபளக்கும் திருகு அடுத்த ஆண்டு பச்சை பூத்துவிடும்.

ரேடியேட்டரின் மீதே எர்த் எடுப்பது இன்னும் தவறானது. பல வண்டிகளில் ரேடியேட்டர் அதிர்வைத் தவிர்க்க ரப்பர் புஷ்களின் மேல் அமர்த்தப்பட்டுள்ளது. அதற்கும் உடற்சட்டத்துக்கும் மின் தொடர்பே இல்லாமலிருக்கலாம். விசிறியின் எதிர்மின் கம்பியை அதே பருமனில் பேட்டரியின் எதிர்முனை வரை கொண்டுசெல்வதே சிறந்தது. இயலாவிடில், பேட்டரி எர்த் பட்டை சட்டத்தைத் தொடும் இடத்தில், வண்ணத்தைச் சுரண்டி, பல்வளையம் இட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

பியூஸ்

பியூஸ் மோட்டாரைக் காப்பதற்காக அன்று, கம்பியைக் காப்பதற்காகவே உள்ளது. ஆகவே அது பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். ரிலேக்கு அருகில் பியூசை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை ஒரு மீட்டர் கம்பியைப் பாதுகாப்பின்றி விட்டால், அக்கம்பி தகட்டு விளிம்பில் உராய்ந்து உறை கிழியும் நாளில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அது சாவி எடுத்த பின்னும் உயிருடன் இருக்கும் கம்பி. நிறுத்திவைத்த வண்டியும் தீப்பிடிக்கக் கூடும்.

அடிக்கடி பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடுவது தீர்வாகாது. தாங்குருளை இறுகி மோட்டார் சுழலாமல் நின்றிருந்தால், தொடக்க மின்னோட்டம் குறையாமல் நீடித்து பியூஸ் எரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றினால் இது தெரிந்துவிடும். பியூஸ் எரியாமலேயே அதன் கூடு உருகியிருப்பது இதற்கு நேர்மாறான குறை. அங்கு மின்னோட்டம் மிகையாகவில்லை. கூட்டின் பற்றுமுனைகள் தளர்ந்து, மேலே கூறிய தொடுதடை வெப்பம் உண்டாகியுள்ளது. புதிய பியூசைப் பழைய கூட்டிலேயே செருகினால் அதுவும் உருகும். கூட்டையே மாற்ற வேண்டும்.

ரிலே

ரிலேயின் கால்களுக்கு ஜெர்மானியத் தரமான டிஐஎன் 72552 இன்படி எண்கள் இடப்பட்டுள்ளன. 85, 86 ஆகியவை காந்தச்சுருளின் இரு முனைகள். 30 பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம். 87 விசிறிக்குச் செல்வது. ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்னும் கால் உண்டு. சுருளில் மின்சாரம் இல்லாதபோது 30 இதனுடனேயே தொடர்பு கொண்டிருக்கும்.

நடுவிலிருப்பதால் விசிறிக் கம்பியைத் தவறுதலாக இதில் மாட்டிவிடுவது எளிது. அதன் விளைவு விசித்திரமானது: குளிர்ந்திருக்கும்போது விசிறி இடைவிடாது ஓடும், பொறி சூடானதும் நின்றுவிடும். இரவில் பேட்டரியும் தீர்ந்துவிடும். வெப்பநிலை சுவிட்சு தலைகீழாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டுமுன் இந்தக் காலைப் பார்ப்பது நல்லது.

ரிலேயில் கிளிக் என்ற ஒலி கேட்டும் விசிறி ஓடவில்லை என்றால், சுருள் வேலை செய்கிறது, தொடுமுனை கரிந்திருக்கலாம். 30க்கும் 87க்கும் இடையே விசிறி ஓடும்போது 0.1 வோல்ட் அளவுக்கு மேல் இழப்பு இருந்தால் ரிலேயை மாற்றுவதே மேல். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால் மழைநீர் உள்ளே தேங்காது.

வெப்பநிலை சுவிட்சு

பெரும்பாலான சுற்றுகளில் இச்சுவிட்சு எதிர்மின் பக்கத்தில் இருக்கிறது. சூடானதும் சுருளின் ஒரு முனையை எர்த் செய்கிறது. இதைச் சோதிக்க, சாவியைத் திருப்பி, சுவிட்சின் கம்பியைக் கழற்றி உடற்சட்டத்தில் தொட வேண்டும். விசிறி ஓடினால் சுவிட்சைத் தவிர மற்றவை சரி. ஆனால் சில எலக்ட்ரீசியன்கள் சுவிட்சை நேர்மின் பக்கத்தில் வைத்திருப்பர். அந்நிலையில் கம்பியை எர்த்தில் தொட்டால் பியூஸ் எரியும். எனவே கழற்றிய கம்பி எவ்வகை என்பதை முதலில் ரிலே வரை பின்தொடர்ந்து உறுதிசெய்ய வேண்டும்.

ஒற்றைக் கால் சுவிட்சு தன் மரை வழியாகவே எர்த் பெறுகிறது. கசிவைத் தடுக்க மரையில் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அத்தொடர்பு அறுபடலாம். ரப்பர் புஷ்களில் அமர்ந்த ரேடியேட்டருக்குத் தனி எர்த் கம்பி இல்லாவிட்டாலும் இதே நிலைதான். ஐயமெனில் சுவிட்சைக் கழற்றி, நீர் நிரம்பிய பாத்திரத்தில் வெப்பமானியுடன் சூடாக்கி, அதில் குறிக்கப்பட்ட வெப்பநிலையில் மீட்டர் தொடர்பைக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 92–87 எனக் குறித்திருந்தால், அது 92 °செ இல் இணைந்து 87 °செ இல் பிரிய வேண்டும்.

சுவிட்சும் சுற்றும் சரியாக இருந்தும் பொறி கொதித்தால், குறை மின்சாரத்தில் இல்லை. நீர்மட்டம் குறைந்து சுவிட்சு நீராவியில் நின்றாலும், தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டு சூடான நீர் ரேடியேட்டருக்கு வராவிட்டாலும் சுவிட்சு இணையாது. பொறி கொதிக்க ரேடியேட்டரின் அடிப்பகுதி குளிர்ந்திருப்பது இதன் அடையாளம்.

சுழலும் திசை

ஓடும் விசிறியும் குளிர்விக்காமல் போகலாம். நிலைகாந்த நேர்மின்னோட்ட மோட்டாரில் இரு கம்பிகளும் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுழலும். பொறியறையின் வெப்பக் காற்றை முன்னோக்கித் தள்ளி, எதிரே வரும் காற்றுடன் மோதும். பழைய பிரித்தானிய வடிவமைப்புத் தானுந்துகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடற்சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்ததால், கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி இணைப்போர் அவற்றில் இத்தவறைச் செய்ய நேரும். முகப்புச் சட்டத்தின் முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்தால் அது உள்ளிழுக்கப்பட வேண்டும். டயோடு உள்ளமைந்த ரிலேயும் இவ்வகை வண்டிகளில் கவனத்துக்குரியது. 85, 86 மாறினால் டயோடு வழியே குறுக்குச்சுற்று ஏற்படும்.

சாவியுடனும் குளிர்சாதனத்துடனும் ஏற்படும் சிக்கல்கள்

ரிலே இல்லாமல் சாவியின் இக்னிஷன் கம்பியிலிருந்தே விசிறிக்கு மின்சாரம் எடுத்தால், சாவி சுவிட்சின் உள்முனைகள் தீய்வது மட்டுமன்று, வேறொரு குறையும் தோன்றும். சாவியைத் திருப்பிய பின்னும் பொறி சில நொடிகள் நிற்காமல் ஓடும். மின்சாரம் நின்றும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு மின்னாக்கியாக மாறி, இக்னிஷன் சுருளுக்கு மின்சாரம் தருவதே காரணம். கார்புரேட்டரைக் கழற்றுவது இதற்குத் தீர்வாகாது.

குளிர்சாதனம் இயங்கும்போதும் விசிறி ஓடவேண்டும் என்று கம்பிரசர் கம்பியையும் வெப்பநிலை சுவிட்சின் கம்பியையும் ஒரே முனையில் சேர்ப்பதுண்டு. ஒன்று மற்றொன்றுக்கு மின்பாதையாகிவிடுவதால், குளிர்சாதனத்தை இயக்காமலே கம்பிரசர் இணையக்கூடும். இரண்டு பாதைகளிலும் தனித்தனி டயோடு இட வேண்டும். அல்லது இரண்டு ரிலேக்களைப் பயன்படுத்த வேண்டும்.

மின்னாக்கியின் திறன்

ஆல்ட்டர்னேட்டருக்கு முற்பட்ட டைனமோ உள்ள வண்டிகளில் இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் விசிறி தளரலாம். லூக்காஸ் சி40 வகை டைனமோவின் உச்ச அளவு ஏறத்தாழ 22 ஆம்பியர். பொறி மெதுவாக ஓடும்போது அது தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முகப்பு விளக்கும் 12 ஆம்பியர் விசிறியும் சேர்ந்து அவ்வேளையில் பேட்டரியையே கரைக்கின்றன. மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்ற பின் வண்டி மறுபடி கிளம்பாமல் போவதை விசிறியின் பழுதாகக் கொள்ளலாகாது. இத்தகைய வண்டியில் ஆல்ட்டர்னேட்டரை முதலில் பொருத்திவிட்டு விசிறியைப் பிறகு பொருத்துவதே முறை.

மழைக்காலம்

2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் சென்னையில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், விசிறி உடனே நிற்காமல் சில வாரங்கள் கழித்தே நிற்கக்கூடும். நீர் கம்பியின் உறைக்குள் நுண்துளை ஈர்ப்பால் ஏறி, செம்பு இழைகளைக் கருக்கச் செய்கிறது. முனையில் சிறிது உறையை நீக்கிப் பார்த்துச் செம்பு கருத்திருந்தால், பளபளப்பான செம்பு தென்படும் வரை வெட்டிவிட்டுப் புதிய கம்பி சேர்க்க வேண்டும். மோட்டாரின் பின்புறம் தட்டினால் மட்டும் ஓடத் தொடங்கும் விசிறியில் கார்பன் பிரஷ்கள் சிக்கியுள்ளன. அங்கு மட்டும் மோட்டாரைக் குறை கூறலாம்.

தேங்கிய நீரில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு முன் விசிறியின் பியூசைக் கழற்றி வைப்பது வழக்கம். நீரில் சுழலும் இறக்கை வளைந்து ரேடியேட்டர் குழாய்களைக் கிழித்துவிடக் கூடும். மேடேறியதும் பியூசை மீண்டும் செருக வேண்டும்.